உஷார்! குட்டிநாயின் வயிறு உப்பியிருக்கிறதா?

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் நாய் வளர்க்கிற எல்லோரும் இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். குட்டியைத் தூக்கிப் பாருங்கள். கால்கள் மெலிந்து, முதுகெலும்பு கையில் தட்டுப்பட, வயிறு மட்டும் உப்பி இறுகிக் கிடக்கிறதா? உதட்டை மேலே தள்ளி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிப் போயிருக்கிறதா? ரோமம் பளபளப்பு இல்லாமல் சொரசொரவென்று நிற்கிறதா? வைத்த சோற்றைத் தின்றுவிட்டு மண்ணையும் நக்குகிறதா? அப்படியென்றால் அந்த வயிற்றில் இருப்பது நீங்கள் போட்ட சோறும் ரொட்டியும் இல்லை. புழு.

"நாய்னா பூச்சி இருக்கத்தானே செய்யும்" என்பது லயத்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சி நாயோடு நின்றுவிடுவதில்லை. குட்டியைச் சாகடிக்கிறது, வாசல் மண்ணில் இறங்குகிறது, அங்கிருந்து பிள்ளையின் விரலுக்கும் வாய்க்கும் ஏறுகிறது. போதாக்குறைக்கு, வைத்தியம் செய்கிறோம் என்று நாமே கைக்கு அகப்பட்ட குளிசையைக் கொடுத்து நாயின் ஈரலையும் கெடுத்துவிடுகிறோம். இந்த அலட்சியத்தைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

முதலில் உருளைப்புழு. டொக்ஸோகாரா கேனிஸ் என்பது அதன் பெயர். பார்க்க வெள்ளையாக, நீளமாக, இரண்டு முனையும் கூராக இருக்கும். குட்டி வாந்தி எடுக்கும்போது ஒன்றிரண்டு சுருண்டு வந்து விழும். அதைக் கண்டதும் வீட்டில் ஒரே கூச்சல். ஆனால் அந்தப் புழு குட்டிக்கு வெளியிலிருந்து வந்ததே இல்லை, தாயின் வயிற்றிலேயே வந்துவிட்டது. வளர்ந்த பெண்நாயின் தசைகளுக்குள் புழுவின் குஞ்சுகள் வருடக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கும். சினைப்பட்டுக் கடைசி வாரங்கள் வரும்போது அவை விழித்து, நச்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குட்டிக்குள் போகும். மிச்சம் மீதி தாய்ப்பாலிலும் போகும். ஆகவே கண் திறக்காத குட்டி, வீட்டை விட்டு ஒரு அடி வெளியே வைக்காத குட்டி, சுத்தமான சாக்கில் படுத்திருக்கிற குட்டி, எல்லாமே புழுவோடு பிறந்த குட்டிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு முன்பே மருந்து கொடுத்திருந்தாலும் தசைக்குள் படுத்திருப்பதைச் சாதாரணக் குளிசை தொடாது.

பிறந்து மூன்று வாரம் ஆகும்போது குட்டியின் குடலில் அந்தப் புழுக்கள் பருவத்துக்கு வந்து முட்டையிடத் தொடங்கும். ஒரு பெண்புழு ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முட்டை இடும். ஒரு குட்டியின் வயிற்றில் எத்தனை பெண்புழு, ஒரு ஈற்றில் எத்தனை குட்டி, லயத்தில் எத்தனை வீட்டில் நாய் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இங்கேதான் நம்முடைய தோட்டங்களின் அமைப்பு பயத்தைக் கூட்டுகிறது. லயத்துக் காம்பராக்களின் முன்னால் ஒரு ஒடுங்கிய வாசல், அதை ஒட்டிக் கான், கானைத் தாண்டினால் இரண்டு பாத்தி மரக்கறி, அதற்கப்பால் தேயிலை. நாய் மலம் கழிப்பது இந்த இடத்துக்குள்தான். பிள்ளைகள் தவழ்வது, கோலிக்குண்டு விளையாடுவது, மண்ணில் சமைத்து விளையாடுவது எல்லாமும் இதே இடத்துக்குள்தான். மழையும் பனிமூட்டமும் மண்ணைக் காயவே விடாது. வெயிலும் வறட்சியும் இந்த முட்டைகளுக்கு எமன், ஈரமும் நிழலும் அவற்றுக்கு வாழ்வு. அப்படிப்பட்ட மண்ணில் முட்டைகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டெட்டோல் ஊற்றினால் சாகாது. பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது. இஸ்தோப்புச் சிமெந்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் சாகும். ஆனால் மண் வாசலுக்கு அது நடக்கிற காரியமா?

ஒரு ஆறுதல் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். புதிதாக விழுந்த மலத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து, உள்ளே குஞ்சு வளர, குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். குளிரான இடத்தில் இன்னும் அதிக நாள் எடுக்கும். அதாவது நாயின் மலத்தை அன்றன்றைக்கே அள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். காசு செலவில்லாத வேலை. ஒரு பழைய மண்வெட்டி போதும். கானுக்குள் தள்ளாதீர்கள், பீலிப் பக்கம் போடாதீர்கள், லீக்ஸ் பாத்திக்குப் பசளை என்று போடவே போடாதீர்கள்.

முட்டை பிள்ளையின் வாய்க்குள் போனால் என்ன ஆகும்? மனிதக் குடலில் இந்தப் புழு பெரிதாக வளராது. குடலில் பொரிந்த குஞ்சு சுவரைத் துளைத்துக்கொண்டு இரத்தத்தில் ஏறி, வழி தெரியாமல் உடம்பெல்லாம் திரியும். ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், சில வேளை மூளைக்கும் கண்ணுக்கும் போகும். காய்ச்சல், வறட்டு இருமல், வீசிங், ஈரல் வீக்கம் என்று பிள்ளை மாதக்கணக்கில் அவதிப்படும். நாமோ "பனி ஒத்துக்கல" என்று சொல்லிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

கண்ணுக்குப் போனால் விபரீதம். பெரும்பாலும் ஒரே கண்ணில்தான் வரும், வலி இருக்காது, மற்றக் கண்ணால் பார்த்துப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மாறுகண் விழுந்த பிறகோ, கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்த பிறகோதான் வீட்டுக்காரர் கவனிப்பார்கள். 1950இல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்ற ஆய்வாளர், நோயுற்றதால் அகற்றப்பட்ட 46 கண்களைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்று சந்தேகித்து எடுக்கப்பட்ட பிள்ளைகளின் கண்களும் அவற்றில் இருந்தன. 24 கண்களில் அவர் கண்டது புழுவின் குஞ்சு. நுண்ணோக்கியில்லாமல் தெரியாத ஒரு குஞ்சுக்காக ஒரு பிள்ளையின் கண்ணைத் தோண்டியெடுக்க வேண்டிவந்திருக்கிறது. வைல்டர் அதைச் சொன்ன பிறகுதான் வைத்திய உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பிள்ளையின் மலத்தைச் சோதித்து "பூச்சி இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் இந்த நோய் இல்லை என்று அர்த்தமாகாது. குஞ்சு குடலில் தங்குவதில்லை, முட்டை இடுவதுமில்லை, பிறகு மலத்தில் எப்படித் தெரியும்? இரத்தப் பரிசோதனையில்தான் வெளிப்படும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ஒரு மெபெண்டசோல் குளிசை மனிதக் குடற்புழுவுக்கு நல்ல மருந்து, தவறாமல் கொடுங்கள். உடம்பெல்லாம் திரிகிற நாய்ப்புழுக் குஞ்சை அது ஒன்றும் செய்யாது. ஆகவே வைத்தியரிடம் போகும்போது "வீட்டுல குட்டிநாய் இருக்குங்க, புள்ள மண்ணு திங்குதுங்க" என்ற இரண்டு விஷயத்தையும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கூட்டத்துக்கு நடுவே அவர்கள் கேட்க மறந்துபோகலாம்.

அடுத்தது கொக்கிப்புழு. உருளைப்புழு குட்டியை மெல்ல வாட்டும், கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி நாலைந்து நாளில் சாகடித்துவிடும். மலம் கறுப்பாக, தார் நிறத்தில், துர்நாற்றத்தோடு போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஈறு வெள்ளையாகிப் பால் குடிக்கவும் தெம்பில்லாமல் படுத்துவிட்ட குட்டிக்குப் பூச்சிக் குளிசை மட்டும் காணாது, போன இரத்தத்தை ஈடுசெய்யும் சிகிச்சை வேண்டும்.

நாய்க் கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் காத்திருந்து மனிதரின் வெறுங்காலைத் துளைத்துக்கொண்டு ஏறும். தோலுக்கடியில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீளும், இரவில் தூங்க விடாமல் அரிக்கும். பிள்ளைகளின் பாதத்திலும் பிட்டத்திலும் இதைப் பார்த்தால் படை என்றோ சொறி என்றோ நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டிருக்காதீர்கள். பாமசியில் கேட்டு வாங்குகிற படைக் களிம்பு இதற்குப் பயன்படாது.

இந்தக் கொக்கிப்புழு இனத்தில் ஒன்று நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ளது. 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விலங்கியலாளர், இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலில் கிடைத்த புழுவை ஆராய்ந்து அன்சைலொஸ்டோமா சைலனிக்கம் என்று பதிவு செய்தார். நாய்க்கும் பூனைக்கும் உள்ள மற்றக் கொக்கிப்புழுக்கள் பெரும்பாலும் மனிதத் தோலோடு நின்றுவிட, இது மனிதக் குடலுக்குள் போய் முழுப் புழுவாக வளர்ந்து, நாயில் செய்கிற அதே இரத்த உறிஞ்சலை மனிதரிலும் செய்யும். ஆசியாவில் மனிதரைப் பிடிக்கிற கொக்கிப்புழுக்களில் இரண்டாவது இடம் இன்று இதற்குத்தான். கொழுந்து எடுக்கிற பெண்களின் இரத்தசோகையைப் பற்றி எத்தனையோ கூட்டம் போட்டுப் பேசுகிறோம், இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறோம். வீட்டு வாசலில் படுத்திருக்கிற நாய்க்குப் பூச்சிக் குளிசை கொடுத்தீர்களா என்று அந்தக் கூட்டங்களில் ஒருவராவது கேட்க வேண்டும்.

"நாங்க நுவரெலியாங்க, இந்தக் குளிர்ல எந்தப் பூச்சி உயிரோட இருக்கும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. கொக்கிப்புழுக் குஞ்சு குளிரில் மந்தமாகிவிடும், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவைவிட 1,271 மீற்றர் உயரத்து ஹட்டனில், அதைவிடக் கீழே கினிகத்தேனைப் பக்கம் அதன் ஆட்டம் அதிகமாக இருக்கும். உருளைப்புழு முட்டைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தடித்த ஓட்டுக்குள் இருந்துகொண்டு குளிரைத் தாங்கும், சூடு வந்ததும் வளரும். மேல்மலைக்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது.

நம்மைப் போலவே தேயிலை, நம்மைப் போலவே லயம் உள்ள ஓரிடத்தில் இதை நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அசாமில் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ரெபெக்கா டிரௌப் தலைமையிலான ஆய்வாளர்கள் 101 நாய்களின் மலத்தைச் சோதித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. 99 சதவீத நாய்களிடம் மனிதருக்குத் தொற்றக்கூடிய குடல் ஒட்டுண்ணி ஏதாவது ஒன்றாவது இருந்தது. இன்னும் அதிர்ச்சியான செய்தி, பத்தில் மூன்று நாயின் மலத்தில் மனித உருளைப்புழுவின் முட்டை இருந்தது. மலசலகூடம் இல்லாமல் வெளியே போகிறவர்களின் மலத்தை நாய் தின்று, முட்டைகளைக் கெடாமல் சுமந்து வந்து, வீட்டு வாசலிலேயே போட்டிருக்கிறது. கழிவறையை ஒழுங்காகப் பாவிக்கிற குடும்பத்துக்கும் பாவிக்காத குடும்பத்தின் புழு வீடு தேடி வருகிறது என்றுதானே இதற்குப் பொருள்?

மனிதப் புழுவைப் பற்றிய நம்முடைய கணக்கையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். 1992இல் இலங்கைப் பெருந்தோட்டங்களில் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் குடற்புழு இருந்தது. 1994இலிருந்து 2005 வரை 3 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி நான்கு வருடம் கழித்து ஐந்து மாவட்டங்களில் 1,890 தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தால் 29 சதவீதம் பேருக்குப் புழு. பதினொரு வருடம் மருந்து கொடுத்தும் இவ்வளவு. வீட்டுச் சுகாதாரம் மோசமாக இருந்த இடங்களிலும், தாய் படிக்காத வீடுகளிலும் பாதிப்பு அதிகம் என்று அந்த ஆய்வு தெளிவாகச் சொன்னது. பிறகு 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான தேசிய ஆய்வின்படி நாடு முழுவதும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் 0.97 சதவீதம் பேருக்குத்தான் புழு. தோட்டப்புறத்தில் மட்டும் தனியாகப் பார்த்தால் 9.02 சதவீதம். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் நாட்டுக்கே தீர்ந்துபோன ஒரு நோய் நம் பிள்ளைகளை மட்டும் ஏன் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது?

மருந்து மட்டும் போதாது என்பது இந்த மலைகளில் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்த பாடம். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் இலங்கைக்கு வந்தது. தொழிலாளருக்குச் சீனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மலசலகூடம் கட்டக் காசு செலவழிக்கத் தோட்ட முதலாளிமார் பின்வாங்கினார்கள். மருந்து குடித்தவர் மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு மலைக்குப் போய் மறுபடியும் புழுவை ஏற்றிக்கொண்டார். இன்று பிள்ளைக்குக் குளிசை கொடுத்துவிட்டு வாசலில் உள்ள நாயை அப்படியே விட்டுவைப்பதும் அதே பிழைதான்.

இனி, என்னை மிகவும் பதறவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கைமருந்து.

"அண்ணே, நாய்க்குப் பூச்சிக் குளிச ஒண்ணு குடுங்க."

"எத்தன கிலோ?"

"சின்னக் குட்டிதாண்ணே."

பாமசியில் இந்தப் பேச்சு நடக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. குட்டிகளின் மருந்து கிலோ கணக்கில் அளந்து கொடுக்க வேண்டியது. ஒரு கிலோ குட்டிக்கும் மூன்று கிலோ குட்டிக்கும் ஒரே அளவு கொடுத்தால் ஒன்றுக்குக் காணாது, மற்றதற்கு மிஞ்சும். டிஸ்பென்சரித் தராசில் முதலில் நீங்கள் ஏறுங்கள், பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம்தான் குட்டியின் நிறை. கொழுந்து நிறுக்கிற தராசில் ஒரு பையில் வைத்தும் பார்க்கலாம். நிறை தெரியாமல் மருந்து வாங்கப் போகவே கூடாது.

பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த மெபெண்டசோல் வீட்டில் மிஞ்சியிருந்தால் அதை உடைத்து நாய்க்குக் கொடுக்கிறார்கள். செய்யாதீர்கள். மனிதருக்கு ஒரே வேளையில் வேலை செய்கிற அந்தக் குளிசை நாய்க்கு அப்படி வேலை செய்யாது. அதோடு, மெபெண்டசோல் கொடுத்த சில நாய்களுக்கு ஈரல் அழுகிப்போனது மிருக வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கிறது. அல்பெண்டசோல் அதைவிட மோசம், எலும்பு மச்சையைத் தாக்கி இரத்த அணுக்கள் உற்பத்தியாவதையே நிறுத்திவிடக்கூடியது. ஏற்கெனவே கொக்கிப்புழுவால் இரத்தம் போன குட்டிக்கு அது எமன்.

மாடும் ஆடும் வளர்க்கிற வீடுகளில் இன்னொரு விபரீதம் நடக்கிறது. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் கொஞ்சம் எடுத்து நாய்க்கு ஏற்றிவிடுகிறார்கள். அது நூற்றுக்கணக்கான கிலோ நிறையுள்ள மாட்டுக்காகச் செறிவாகச் செய்த மருந்து. நாய்க்கு ஒரு துளி கூடினாலும் மிஞ்சிவிடும். அதிலும் கொல்லி இனத்திலும் சில அல்சேஷன் நாய்களிலும் அவற்றின் கலப்பிலும் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு இருக்கும். அந்த மருந்து மூளைக்குள் நுழைவதை அவற்றின் உடம்பால் தடுக்க முடியாது. தள்ளாடும், எச்சில் வடியும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வரும், பிறகு எழும்பாது. லயத்து நாயின் பூர்வீகம் யாருக்குத் தெரியும்? துரை பங்களாவில் இருந்த அல்சேஷனின் இரத்தம் அதில் கலந்திருந்தால்? ஆட்டுக்குக் கொடுக்கிற லெவமிசோலும் அப்படித்தான், குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், பூண்டு அரைச்சுக் குடுக்கிறோம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நமக்கு நல்லதெல்லாம் நாய்க்கு நல்லதாகாது. வேப்பிலையோ பாகற்காய்ச் சாறோ கொடுத்துப் புழு விழுந்ததாகச் சொல்வார்கள். வயிற்றோட்டத்தில் நாலு புழு அடித்துக்கொண்டு வந்திருக்கும், நாற்பது உள்ளே இருக்கும். அதைப் பார்த்து மனம் ஆறி இருந்துவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

சரியான வழி சிக்கலானதே இல்லை. குட்டி பிறந்து இரண்டாவது வாரத்தில் முதல் மருந்து. பிறகு நாலாம், ஆறாம், எட்டாம் வாரங்களில் மறுபடி. அதன் பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, பிறகு வாழ்நாள் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஏன் இத்தனை தடவை என்று கேட்பீர்கள். மருந்து குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். ஈரலிலும் நுரையீரலிலும் திரிந்துகொண்டிருக்கிற குஞ்சுகள் அன்று தப்பிவிடும், இரண்டு வாரத்தில் குடலுக்கு வந்து சேரும். அவற்றை வந்த இடத்திலேயே பிடிக்கத்தான் இந்த இடைவெளி. குட்டிக்குக் கொடுக்கும் அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டியை நக்கிச் சுத்தம் செய்கிற தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் விழுங்கி மறுபடி நோயாளியாகும். இந்த வயதுக் குட்டிகளுக்கு பைரன்டெல் என்ற மருந்தைப் பல காலமாகப் பாவிக்கிறார்கள், பாதுகாப்பானது. நாயின் பின்பக்கத்து ரோமத்தில் சோற்றுப் பருக்கை போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அதற்கு பைரன்டெல் கேட்காது, வேறு மருந்து வேண்டும், தெள்ளையும் ஒழிக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் புழு தெள்ளின் வயிற்றில்தான் வளர்கிறது. எது எந்தப் புழு, எவ்வளவு மருந்து என்பதை அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். கொஞ்சம் மலத்தை ஒரு சின்னப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நிலைமை முற்றிவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கீரை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வல்லாரைச் சம்பல் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, தேசிக்காய் பிழிந்து உண்கிறோம். வல்லாரை தரையோடு படரும் கீரை, நாயும் பூனையும் நடமாடுகிற கான் ஓரத்திலேயே வளரும். முட்டைகள் இலையின் அடியிலும் தண்டின் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போகாது, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் சாகாது. ஒவ்வொரு இலையாக, பீலித் தண்ணீர் ஓட ஓட, விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சுண்டல் செய்து கொடுங்கள், சூட்டில் எல்லாம் செத்துவிடும்.

கீரையால் இப்படியும் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அவுஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 64 வயதுப் பெண் ஒருவர். வயிற்றுவலி, இருமல், இரவில் வியர்வை என்று 2021இல் தொடங்கி, பிறகு மறதியும் மனச்சோர்வும் வந்தன. 2022 ஜூனில் கன்பெரா ஆஸ்பத்திரியில் மூளையைத் திறந்த டாக்டர் ஹரி பிரியா பண்டி, உள்ளிருந்து 8 சென்டிமீற்றர் நீளமான, நெளிந்துகொண்டிருந்த புழு ஒன்றை உயிரோடு இழுத்து எடுத்தார். மலைப்பாம்பின் வயிற்றில் வாழ்கிற புழு அது. மனிதரில் அதைக் கண்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் பாம்பைத் தொட்டதே இல்லை. வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் காட்டுக்கீரை பறித்துச் சமையலுக்குப் பாவித்திருந்தார். பாம்பின் மலத்திலிருந்த முட்டை கீரையிலோ கையிலோ ஒட்டி உள்ளே போயிருக்க வேண்டும் என்று அவருக்குச் சிகிச்சை செய்த தொற்றுநோய் வைத்தியர் சஞ்சய சேனநாயக்கவும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

தேயிலைக்குள் பிடித்த பாம்பைப் பெட்டியில் போட்டு வளர்க்கிற, தோளில் போட்டுப் படம் எடுக்கிற தம்பிமாருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். காட்டுப் பாம்பு எதையும் புழு இல்லாதது என்று நம்பாதீர்கள். அடைத்துவைத்தால் அதன் மலத்திலேயே அது படுத்துக் கிடந்து புழு பெருகும், நோய்ப்பட்டு இரையெடுக்காமல் சாகும். அதற்கு நாய்க் குளிசையை உடைத்துக் கொடுத்துப் பரீட்சை பார்க்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் நாயை விரட்டிவிடாதீர்கள். குட்டிகளைச் சாக்கில் கட்டித் தேயிலைக்குள் கொண்டுபோய்ப் போடுகிற கொடுமை நடக்கிறது. அது பாவம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், புழுவுக்கும் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. மருந்து கொடுக்க ஆள் இல்லாத நாய்கள் மலையெல்லாம் திரிந்து, கொழுந்து எடுக்கிற பெண்கள் நிற்கிற இடத்திலேயே முட்டையைப் போடும். வீட்டில் இருந்து, மருந்து குடித்து, மலத்தை அள்ளிப் புதைக்க ஒருவர் இருக்கிற நாயால் யாருக்கும் ஆபத்தில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களுக்கும், மிருக வைத்திய அலுவலகங்களுக்கும், தோட்ட நிர்வாகங்களுக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் ஒரு வேண்டுகோள். விசர்நோய்த் தடுப்பூசி போட லயங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள், நாய்களை வரிசையில் நிறுத்துகிறார்கள். அதே நாளில், அதே வரிசையில், நிறை பார்த்துப் பூச்சிக் குளிசையும் கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்காம்பரா வாசலைச் சுற்றி வேலி அடைத்து நாய் நுழையாமல் செய்யுங்கள். பள்ளியில் புழு மருந்து கொடுக்கும் நாளில், வீட்டில் குட்டிநாய் உள்ள பிள்ளைகள் யார் என்று ஆசிரியர்கள் கேட்டு, குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் அந்தப் பெயர்களைக் கொடுக்கட்டும்.

வீட்டில் இப்போது குட்டி ஈன்ற நாய் இருக்கிறவர்கள் கலண்டரில் ஈன்ற திகதியை வட்டமிட்டு, அதிலிருந்து 14ஆம் நாளையும் வட்டமிடுங்கள். அந்த 14ஆம் நாள் முதல் மருந்து. ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தால் நாளைக் காலையிலேயே தாயையும் குட்டிகளையும் நிறுத்து, நிறையைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.